எழுதியவர் பெயர்

இந்த ஜன்னல் பக்கம் வந்துவிடுங்கள் சார். அங்கே உட்கார்ந்தால் லிஃப்டிலிருந்து இறங்குகிறவர்கள் எல்லாம் உங்களைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார்கள். கழுத்தில் விசிட்டர் அட்டை, மடியில் படிவம். வெரிஃபிகேஷனுக்கு ஆள் வந்திருக்கிறது, மாதேஷ் வேறு கம்பெனிக்குத் தாவப் பார்க்கிறான் என்று சாயங்காலத்துக்குள் மூன்றாவது மாடிவரை போய்விடும். நான் எங்கேயும் போகவில்லை. நீங்கள் வந்திருப்பது ஜெபராணி அக்காவுக்காக.

ஆமாம், நான்தான் மாதேஷ். அவரோடு ஒரே குழுவில் பதினாறு மாதம் வேலை பார்த்தேன். சரியாகச் சொன்னால் பதினாறு மாதமும் ஒன்பது நாளும். ஒன்பது நாளுக்குக் கட்டம் இல்லையா? சரி, பதினாறு என்றே போடுங்கள். பக்கத்தில் ‘ஏறத்தாழ’ என்று எழுத முடிந்தால் நல்லது.

என் பெயரைக் கொடுத்திருப்பதாக அவரே போன வாரம் போனில் சொன்னார். “ஏல மாதேஷு, அந்தக் கம்பெனியில எல்லாம் முடிஞ்சிட்டு. இந்த ஒண்ணுதான் நிக்கி. பழைய ஆபீஸ்ல கூட வேல பாத்த ஒராள்ட்ட கேப்பாங்களாம். கிரிதரன்ட்ட கேட்டா என்ன சொல்லுவாருன்னு எனக்குத் தெரியும். நீ பொய் சொல்ல மாட்ட, அதான் ஒம் பேரக் குடுத்திருக்கேன்” என்றார். ஐந்து மாதமாக வேலை இல்லை, இதுவும் போனால் கோயம்புத்தூர் வீட்டைக் காலி செய்துவிட்டு நாசரேத்துக்கே போக வேண்டியதுதான் என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவர் எதையும் சிரித்துக்கொண்டுதான் சொல்வார்.

நான் பொய் சொல்ல மாட்டேன் என்பது சரிதான். அதனால்தான் ‘வேலையை விட்டதற்கான காரணம்’ என்று நீங்கள் கேட்டதும் ஒரே வார்த்தையில் சொல்ல முடியாமல் முழிக்கிறேன். பத்து நிமிடம் கொடுங்கள். முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், பிறகு எழுதலாம்.

எங்கள் ஊர் ஆத்தூர் பக்கம். அப்பா, அம்மா இரண்டு பேரும் சேகோ ஃபேக்டரியில், ஜவ்வரிசி செய்கிற இடம். லாரியில் வரும் மரவள்ளிக் கிழங்கைத் தோல் உரிப்பது அம்மா, மாவைக் காயப் போட்டுக் கிளறுவது அப்பா. வீட்டில் முதல் பட்டதாரி நான்தான். பேச்சுக்குச் சொல்லவில்லை, அதற்கு அரசாங்கச் சான்றிதழே உண்டு. அதை வாங்கப் போனபோது வி.ஏ.ஓ., “வீட்ல யாராச்சும் டிகிரி முடிச்சிருக்காங்களா?” என்று கேட்டார். இல்லை என்றேன். அதோடு விடாமல், சித்தப்பா ஒருவர் தபாலில் பி.ஏ. சேர்ந்து இரண்டு தாள் எழுதாமல் விட்டதையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “தம்பி, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. அப்பதான் நீயும் ஊடு போய்ச் சேருவ, நானும் போய்ச் சேருவேன்” என்றார். அப்பா வெளியே வந்து என் தலையில் ஒன்று போட்டார். நான் அப்படிப்பட்ட ஆள் என்பதற்குச் சொல்கிறேன்.

இங்கே என்ன வேலை என்றால், நீங்கள் வந்த பஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் எஞ்சினைத் திறந்து எட்டிப் பார்க்க முடியுமா? நாங்கள் அந்த மாதிரி ஒரு கருவி செய்கிறோம். ஓடும் மென்பொருளைப் பிடித்து நிறுத்தி, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்து, மறுபடி ஓட விடும். டீபக்கர் என்பார்கள். மற்ற கம்பெனிக்காரர்கள் தங்கள் நிரலில் இருக்கும் தவறைத் தேடுவதற்கு எங்கள் நிரலை வாங்குகிறார்கள். அம்மா ஊரில் கேட்பவர்களிடம், “எம் பையன் அடுத்தவன் தப்பைக் கண்டுபுடிக்கிற வேலையில இருக்கான்” என்பாள். ஒருமுறை திருத்திச் சொன்னேன். பிறகு விட்டுவிட்டேன்.

ஜெபா அக்காவுக்கு முப்பத்தெட்டு வயது. இந்தக் கருவியில் பாதி அவர் எழுதியது. சேர்ந்த முதல் நாள் ‘மேடம்’ என்றேன். “மேடமா? யாருல அது, எங்க நிக்கா?” என்று பின்னால் திரும்பிப் பார்த்தார். குழுவே சிரித்தது. அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார். சொன்னேன். அன்றிலிருந்து என் பெயர் ஜவ்வரிசி. “ஜவ்வரிசி, டீ குடிக்க வாரியா?” “ஜவ்வரிசிட்ட கேளுங்க, அவன் படிச்சிருப்பான்.” கூட்டத்தில், வாடிக்கையாளர் லைனில் இருக்கும்போதே ஒருமுறை, “இத எங்க ஜவ்வரிசி பாத்துக்குவான்” என்றார். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. இருந்தாலும்.

தப்பான எண்ணத்தில் கூப்பிடவில்லை. எனக்குத் தெரியும். என் பிறந்தநாளுக்குப் பாயசம் செய்து தூக்குவாளியில் கொண்டுவந்தார். ஜவ்வரிசிப் பாயசம். எல்லோரும் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இரண்டு டம்ளர் குடித்தேன். இதற்கும் நடந்ததற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை சார். அவர் எப்படிப் பழகுவார் என்று படிவத்தில் கேட்டிருக்கிறார்களே, அதற்காகச் சொன்னேன். ‘கலகலப்பானவர்’ என்று போடலாம்.

போன ஜூலையில் எனக்கு ஒரு வேலை வந்தது. நிரலுக்குள் ஒரு பகுதி தன் வேலையைச் செய்ய முடியாமல் போனால் பிழையை மேலே தூக்கி எறியும். மேலே இருக்கிற பகுதி அதைப் பிடிக்க வேண்டும். பிடித்து, இன்னது நடந்தது என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் தனக்கு மேலே இருப்பதற்கு அனுப்ப வேண்டும். யாருமே பிடிக்காவிட்டால் மொத்தமும் விழுந்துவிடும். பிடித்துவிட்டு ஒன்றுமே சொல்லாமல் இருந்துவிட்டால் அதற்கு எங்கள் பேச்சில் காலி கேட்ச் என்று பெயர். பிழை நடந்ததே வெளியே தெரியாது. மேலே எல்லாம் சரியாக இருப்பதுபோல ஓடிக்கொண்டிருக்கும். எனக்கு அது அறவே பிடிக்காது. தெரிந்துகொண்டே வாயை மூடிக்கொண்டிருப்பது என்ன நியாயம் சார்?

எங்கள் டீபக்கரில் அப்படி நானூற்றுப் பன்னிரண்டு இடம் இருந்தது. மேனேஜர் கிரிதரன் சார் என்னை அழைத்து, “மாதேஷு, செப்டம்பர் பதினெட்டு சாயந்தரம் மேலிடத்துக் கூட்டம். அன்னைக்கு இந்த நம்பர் சைபரா இருக்கணும். ஒண்ணு, ரெண்டுன்னு நொண்டிச் சாக்கெல்லாம் வேண்டாம். சைபருங்க” என்றார். கோபம் வந்தால் அவர் ‘ங்க’ போடுவார். சுவரில் இருக்கும் திரையில் அந்த எண்ணைப் போட்டுவிட்டார். தினமும் காலையில் எல்லோரும் பார்ப்பார்கள். நான் அப்போது தற்காலிகம். பதினெட்டு மாதம் முடிந்தால்தான் நிரந்தரம். என்னோடு சேர்ந்த ஆறு பேரில் இரண்டு பேரை அதற்குள் அனுப்பியிருந்தார்கள். ஒருத்தன் திரும்பிப் போய் ஊரில் செல்போன் கடையில் நிற்கிறான். அவன் முகநூல் பக்கத்தைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டேன்.

ஜெபா அக்கா திரையைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். “இதுல முந்நூறு நான் வச்சது லே. அவசரத்துல அப்படியே விட்டுட்டுப் போனது. அடிச்சு நொறுக்கு, எனக்கு ஒண்ணும் வருத்தம் கிடையாது” என்றார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சிரிக்காமல், “ஒண்ணே ஒண்ணு மட்டும் வேணும்னே காலியா விட்டிருக்கேன். நாம பிடிச்சிருக்க நிரல் தானா முடிஞ்சு போவும்லா, அந்த எடம். செத்தவன்ட்ட போயி நீ எங்க நிக்கன்னு கேட்டா பிழைதான் வரும். அது பிழையே இல்ல. பேசாம அடுத்த வேலயப் பாக்கணும், அவ்வளவுதான். அதத் தொடும்போது எங்கிட்ட ஒரு வார்த்த கேளு” என்றார்.

சொன்னார். சொல்லவில்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

செப்டம்பர் பத்தாம் தேதி வாக்கில் அவருடைய அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. திருநெல்வேலியில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அக்கா லீவு போடாமல் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போனார். வராந்தாவில் உட்கார்ந்து வேலை பார்த்தார். எனக்கு உதவியாகப் பதினைந்து இடத்தை அவரே எடுத்துக்கொண்டு முடித்துக் கொடுத்தார். நான் கேட்கவில்லை, அவராகவே செய்தார். “எப்படியும் முழிச்சுக்கிட்டுதான இருக்கேன், குடுல” என்றார்.

பதினெட்டாம் தேதி மதியம் திரையில் ஒன்று என்று காட்டியது. அந்த ஒன்றுதான். நான் அவரை அழைத்தேன் சார். இதோ, என் போனில் இருக்கிறது. இரண்டு நாற்பத்தாறு. பார்த்துக்கொள்ளுங்கள். எடுக்கவில்லை. அன்றைக்குத்தான் அவர் அம்மாவுக்கு ஆபரேஷன் என்று எனக்குத் தெரியும், இருந்தும் அழைத்தேன். கிரிதரன் சார் இரண்டு முறை என் பின்னால் வந்து நின்றுவிட்டுப் போனார். கையில் இருந்த சாவிக்கொத்தை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

மூன்று பத்துக்கு மாற்றினேன். அந்தப் பகுதியை அப்படியே எடுத்து வேறு இடத்தில் வைத்து, காலியாக இருந்ததில் ஒரே ஒரு வரி சேர்த்தேன், பிழையை மேலே அனுப்பு என்று. திரையில் சைபர் வந்தது. யாரோ கை தட்டினார்கள். மூன்று இருபத்தாறுக்கு அக்கா திரும்ப அழைத்தார். அதுவும் போனில் இருக்கிறது. அப்போது நான் கூட்டத்துக்கான படங்களைத் தயார் செய்துகொண்டிருந்தேன். பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டேன். பிறகு அவரும் கேட்கவில்லை.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மாற்றத்தைச் சேமிக்கும்போது ‘எழுதியவர் பெயர்’ என்று ஓர் இடம் இருக்கிறது. சேமிக்கிறவர் பெயர் தானாக வரும். வேண்டுமானால் வேறு பெயர் கொடுக்கலாம். அந்தப் பகுதியில் நாற்பத்திரண்டு வரி. நாற்பத்தொன்று ஜெபா அக்கா எழுதியது, நான் இடம் மாற்றி வைத்தேன், அவ்வளவுதான். அதை என் பெயரில் சேமித்தால் அத்தனையும் நான் எழுதியதுபோல ஆகிவிடும். கல்லூரியில் கடைசி வருடம் என் புராஜெக்டை ஒருத்தன் அப்படியே எடுத்துத் தன் பெயர் போட்டு என்னைவிட அதிக மார்க் வாங்கினான். அன்றைக்கு நான் ஹாஸ்டல் மொட்டைமாடியில் அழுதேன். அடுத்தவர் உழைப்பில் என் பெயர் வரக்கூடாது என்று அப்போதே முடிவு செய்தவன். அந்த இரண்டு மாதமும், யாருடைய வரியை நகர்த்தினாலும் அவர்கள் பெயரையே கொடுத்து வந்தேன். இங்கே யாரும் அப்படிச் செய்வதில்லை, நான் மட்டும் செய்தேன். அதன்படி அந்த நாற்பத்திரண்டு வரிக்கும் அவர் பெயரையே கொடுத்தேன்.

நேர்மையில்லாமல் எது செய்தேன், நீங்களே சொல்லுங்கள்.

நவம்பர் ஆறாம் தேதி ஒரு வாடிக்கையாளரிடமிருந்து போன். துணிக்குச் சாயம் ஏற்றும் இயந்திரங்களை ஓட்டுகிற மென்பொருள் செய்கிறவர்கள். ஓர் ஆலையில் ஒன்பது இயந்திரம், ஒன்பது நிரல். அவர்களுடைய ஆள் எங்கள் டீபக்கரைப் போட்டு ஒன்பதையும் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு நிரல் தன் வேலை முடிந்து சாதாரணமாக நின்றது. டீபக்கர் அதனிடம் போய் எங்கே நிற்கிறாய் என்று கேட்டது. பதில் இல்லை. பிழை மேலே போனது. மேலே பிடிப்பதற்கு எதுவும் இல்லை. டீபக்கர் விழுந்தது. அது விழுந்தால் பிடித்து வைத்திருப்பதெல்லாம் சேர்ந்து விழும். மீதி எட்டு இயந்திரமும் பாதிச் சூட்டில் அப்படியே நின்றுவிட்டன. இரண்டு நாள் துணி வீண். ஓர் ஆபரேட்டர், சூடு இறங்கிவிட்டது என்று நினைத்து மூடியைத் திறந்திருக்கிறார். ஆவி அடித்து முழங்கைவரை கொப்புளம். நான் விசாரித்தேன் சார், இப்போது ஆறிவிட்டதாம். விரலை மடக்கத்தான் கொஞ்சம் சிரமமாம்.

மறுநாள் காலையில் ஒரு சின்ன அறையில் கூட்டம். கிரிதரன் சார், எச்.ஆரிலிருந்து ஒரு மேடம், ஜெபா அக்கா, நான். திரையில் அந்த நாற்பத்திரண்டு வரி. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஜெபராணி, ஜெபராணி, ஜெபராணி என்று மேலிருந்து கீழே வரை. எழுதியவர் பெயர் மட்டும்தான் திரையில் தெரியும். சேமித்தவர் பெயரும் உள்ளே இருக்கிறது, கேட்டால் காட்டும். யாரும் கேட்கவில்லை.

“செப்டம்பர் பதினெட்டு, மதியம் மூணு பத்து” என்றார் கிரிதரன் சார். “ஏனுங்க ஜெபா, இந்த எடம் காலியாத்தான் இருக்கணும்னு குழு முழுக்க டமாரம் அடிச்சது நீங்க. நீங்களே மாத்தி வெச்சிருக்கறீங்களே?”

அக்கா திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தார். மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்கு. “நான் எப்ப இத மாத்துனேன்?” என்றார்.

“அதத்தான் நான் கேக்கறேன்.”

“அன்னைக்குத்தான் அம்மாவ உள்ள கொண்டு போயிருந்தாவ...” என்றார். “மடியில லேப்டாப் இருந்துச்சு. மாதேஷுக்குப் பதினஞ்சு எடம் முடிச்சுக் குடுத்தேன். அதோட சேத்து இதயும் மாத்திட்டேனோ என்னமோ. எனக்கு நெனப்பு இல்ல சார்.”

“நெனப்பு இல்லையா? ஒருத்தன் கையி வெந்து போய்க் கெடக்கறான். நெனப்பு இல்லைன்னு போயி அவங்கிட்டச் சொல்லட்டுங்களா?”

எச்.ஆர். மேடம் எழுதிக்கொண்டே இருந்தார். கிரிதரன் சார் என் பக்கம் திரும்பினார்.

“மாதேஷு, இந்த வரியெல்லாம் யாரு பேர்ல இருக்குது?”

“ஜெபா அக்கா பேர்ல இருக்கு சார்.”

“இந்த எடத்தைத் தொடக்கூடாதுன்னு உனக்குச் சொன்னாங்களா?”

“சொன்னாங்க சார்.”

“அப்ப அவங்களுக்குத் தெரிஞ்சேதான் நடந்திருக்குது.”

அது கேள்வி இல்லை சார். அதற்கு நான் பதில் சொல்ல வேண்டியதும் இல்லை. மொத்தம் இரண்டு கேள்வி, இரண்டுக்கும் உண்மையான பதில். மூன்றாவதாக, ‘நீ தொட்டாயா’ என்று ஒன்று கேட்டிருந்தால் ஆமாம் என்றிருப்பேன். சத்தியமாகச் சொல்லியிருப்பேன். அதற்கான வாக்கியத்தைக்கூட மனதுக்குள் தயார் செய்து வைத்திருந்தேன். காத்திருந்தேன். அவர் கேட்காமலே மடிக்கணினியை மூடிவிட்டார்.

வெளியே வந்ததும் அக்கா தண்ணீர்க் கேனுக்குப் பக்கத்தில் நின்றார். என்னைப் பார்த்து, “ரெண்டு மாசம் ராப்பகலா உக்காந்து செஞ்ச வேல. நான் வந்து ஒன் வேலையக் கெடுத்துட்டேன்லா?” என்றார்.

“பரவால்லக்கா” என்றேன்.

அந்த நேரத்தில் வேறு என்ன சொல்ல முடியும்? மனது உடைந்து நிற்கிறவரிடம் போய் விளக்கம் கொடுத்துக்கொண்டிருக்க முடியுமா? கீழே கூட்டிக்கொண்டு போய் டீ வாங்கிக் கொடுத்தேன். பிஸ்கட்டும் வாங்கினேன், அவர் தொடவில்லை. நாங்கள் மேலே வருவதற்குள் அவருடைய அனுமதியை எடுத்துவிட்டிருந்தார்கள். கதவில் அட்டையைத் தேய்த்தார், சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடி தேய்த்தார். என் அட்டையில்தான் இருவரும் உள்ளே போனோம். அவருடைய மேசையில் இருந்த துளசிச் செடி, காது அறுந்த ஒரு கப், ஒரு ஜோடி செருப்பு, எல்லாவற்றையும் ஓர் அட்டைப் பெட்டியில் போட்டு நானே ஆட்டோ வரை தூக்கிக்கொண்டு போனேன். குழுவில் வேறு யாரும் எழுந்திருக்கவில்லை. நான் ஒருவன்தான். அதை அவர் இன்றைக்கும் சொல்கிறார். “அன்னைக்கு நீ ஒருத்தன்தாம்லே மனுசன்” என்று போன வாரம்கூடச் சொன்னார்.

அன்று மதியமே அந்தப் பிழையைச் சரிசெய்யச் சொல்லி என்னிடம் கொடுத்தார்கள். நாற்பது நிமிடத்தில் முடித்தேன். எங்கே பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியுமே. சேர்த்த அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு, பழையபடி காலியாக விட்டேன். கிரிதரன் சார், “நாப்பது நிமிசத்துல புடிச்சுட்டானப்பா” என்று எல்லோர் முன்னாலும் முதுகில் தட்டினார். இந்த முறை என் பெயரிலேயே சேமித்தேன். ஏனென்றால் எடுத்தது நான்தானே. ஜனவரியில் நிரந்தரம் ஆனேன். அம்மா ஃபேக்டரியில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தாளாம்.

அது நான் சேர்த்த வரிதான் என்று அந்தக் கூட்டத்திலேயே எனக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்களா? திரையைப் பார்த்த முதல் நிமிடம் தெரியவில்லை. இரண்டாவது நிமிடம் தெரிந்தது. ஆனால் தெரிந்தது வேறு, கேட்டது வேறு.

ஏன் சார் அப்படிப் பார்க்கிறீர்கள்? நான் எதை மறைத்தேன்? இன்றைக்கும் யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். சேமித்தவர் பெயர் உள்ளே என் பெயர்தான். நான் அழிக்கவில்லை. அழிக்க எனக்குத் தெரியும், இரண்டு நிமிட வேலை. அழிக்கவில்லை. மறைக்க நினைக்கிறவன் விட்டு வைப்பானா?

இதையெல்லாம் படிவத்தில் எழுதவா என்கிறீர்கள். அதற்கு அதில் இடம் இல்லையே சார். நீங்களே புரட்டிப் பாருங்கள். ‘வேலையை விட்டதற்கான காரணம்’ என்று ஒரு வரி. அதில் ஆபீஸ் பதிவில் என்ன இருக்கிறதோ அதுதான் வர வேண்டும். பதிவில் ‘கவனக்குறைவு, வாடிக்கையாளருக்குச் சேதம்’ என்று இருக்கிறது. நான் வேறு மாதிரிச் சொன்னால், ஆபீஸ் பதிவுக்கு முரணாகச் சொன்னவன் ஆவேன். நாளைக்கு இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து யார் பொய் சொன்னது என்று கேட்டால்? நீங்களாக எழுதினால் எழுதிக்கொள்ளுங்கள், உங்களைத் தடுக்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் அதற்குக் கீழே நான் கையெழுத்துப் போட முடியாது. கையெழுத்து இல்லாத படிவத்தை உங்கள் ஆபீஸில் வாங்க மாட்டார்கள் என்று வந்ததும் சொன்னீர்கள். மதியத்துக்குள் இன்னும் மூன்று இடம் போக வேண்டும் என்றும் சொன்னீர்கள்.

சரி, அப்படியே எழுதுங்கள். ‘கவனக்குறைவு’. க-வுக்கு மேல் புள்ளி விழுந்துவிட்டது பாருங்கள். ஆமாம், இப்போது சரி.

திறமை: மிக நன்று. சந்தேகமே இல்லை. நேர்மை: மிக நன்று. அதைவிடப் பெரிய கட்டம் இருந்தால் அதில் போடுங்கள். தான் செய்ததே நினைவில்லாத ஒன்றைக்கூட மறுக்காமல் ஒத்துக்கொண்டவர் சார் அவர். பொறுப்புணர்வு... இதில் ‘சுமார்’ போடுங்கள். முந்நூறு இடத்தைக் காலியாக விட்டவர் என்பது உண்மைதானே. அவரே ஒப்புக்கொண்டார். சக ஊழியர்களோடு பழகுவது: நன்று. மிக நன்று வேண்டாம்.

கடைசிக் கேள்வி என்ன? படியுங்கள். ‘வாய்ப்புக் கிடைத்தால் இவரோடு மீண்டும் இணைந்து பணியாற்றுவீர்களா?’

இதற்கு ஆமாம், இல்லை என்று இரண்டே கட்டமா?

ஒரு நிமிடம் இருங்கள். இதை யோசித்துத்தான் சொல்ல வேண்டும். அவர் நாளைக்கே இதே குழுவில், எனக்கு எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்து, “என்னல” என்று கேட்டால்... காலையில் வந்ததும் அந்தப் பகுதியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தால்... இல்லை சார். என்னால் முடியாது. ஒரு நாள்கூட முடியாது. முடியும் என்று சொன்னால் அது பொய்.

இல்லை என்பதில் போடுங்கள்.

அந்த ஒரு கட்டத்தைத்தான் முதலில் பார்ப்பார்களா? அது எனக்குத் தெரியாது சார். அவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பது அவர்கள் பொறுப்பு. என்னைக் கேட்டார்கள், சொன்னேன். காரணம் எழுதச் சொல்லி அதில் இடம் இல்லையே? அப்போது சரி.

எங்கே கையெழுத்து? இங்கேயா? தேதி நீங்களே போட்டுக்கொள்கிறீர்களா, நான் போடவா?

இருங்கள் சார், அவரேதான் கூப்பிடுகிறார். எடுக்காமல் விட்டால் நன்றாக இருக்காது.

“சொல்லுக்கா... ஆமா, வந்துட்டாரு. எதுத்தாப்புலதான் உக்காந்திருக்காரு... முடிஞ்சிதுக்கா, கையெழுத்து போட்டுட்டேன்... சேச்சே, ஒண்ணையும் மறைக்கலக்கா, எல்லாத்தையும் சொன்னேன்... ஐயோ, எதுக்குக்கா அழுவறீங்க? நான் என்ன பெருசா பண்ணிட்டேன்?... வெக்கறேங்க்கா.”

உங்களுக்கும் நன்றி சொல்லச் சொன்னார் சார்.